டிஎம்பி கம்பெனிக்கு மாதம் 31.50 கட்டணம்: விட்டுவிட்டு நானே கட்டலாமா?

14 ஜனவரி 2023, இரவு 11.52

நேராகக் கேட்கிறேன். கட்டணம் வாங்கும் கம்பெனி வழியாக டிஎம்பி (டெட் மேனேஜ்மென்ட் பிளான்: மாதம் ஒரே தொகை கொடுத்தால் அதை எல்லாக் கடனுக்கும் பிரித்துக் கட்டும் ஏற்பாடு) போட்டு, பாதியில் அதை நிறுத்திவிட்டுக் கடனைத் தானே கட்டியவர்கள் இந்த மன்றத்தில், பிரிட்டனில் இருப்பவர்களில் யாராவது உண்டா?

என் கணக்கு இது. 2019 அக்டோபரில் ஆரம்பித்தேன். ஐந்து கடன், மொத்தம் 11,400 பவுண்டு. கிரெடிட் கார்டு இரண்டு (4,200, 2,600), பர்சனல் லோன் 3,100, ஓவர்டிராஃப்ட் 800, கேட்டலாக் (தவணையில் பொருள் வாங்கும் கடை) 700. மாதம் 180 கம்பெனிக்குப் போகிறது. அதில் 17.5 சதவீதம், அதாவது 31 பவுண்டு 50 பென்ஸ், அவர்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஐந்து பேருக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

இன்று ஆண்டு அறிக்கை வந்தது. மூன்று வருடமாக வந்ததை எல்லாம் திறக்காமலே போட்டு வைத்திருந்தேன். இன்று என்னவோ திறந்துவிட்டேன். 40 மாதம், மாதம் 31.50, ஆக 1,260 பவுண்டு கட்டணம். கேட்டலாக் கடன், ஓவர்டிராஃப்ட் இரண்டையும் சேர்த்தாலே 1,500தான். தூக்கம் போய்விட்டது.

15 ஜனவரி, அதிகாலை 12.20

ஒன்று விட்டுப்போனது. கடன் இருப்பது வீட்டில் மனைவிக்குத் தெரியும். கட்டணம் போவது தெரியாது. "அவங்க சும்மா செஞ்சு தராங்க" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். அது பொய்கூட இல்லை, அப்போது நானே அப்படித்தான் நம்பினேன்.

15 ஜனவரி, மாலை

லெஸ்டர் அக்கா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஸ்டெப்சேஞ்ச், பேபிளான் என்ற இரண்டு அமைப்புகளும் இதே டிஎம்பியைக் காசே வாங்காமல் செய்கிறார்கள், பிறகு ஏன் இங்கே போய் விழுந்தாய் என்று. ராத்திரி இரண்டு மணிக்கு போனில் தேடினேன், முதலில் வந்ததை அழுத்தினேன். முதலில் வந்தது விளம்பரம். அவ்வளவுதான் கதை. இலவசமாகச் செய்பவர்களுக்கு எங்கிருந்து காசு வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். கடன் கொடுத்தவர்களே அவர்களுக்கு ஒரு பங்கு கொடுக்கிறார்கள். அது தெரிந்திருந்தால் அன்றைக்குச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். "இலவசம்னா எங்கேயோ ஏதோ இருக்கு" என்று நினைத்துக் காசு கொடுக்கிற இடத்துக்குப் போனவன் நான்.

16 ஜனவரி

திருத்தம். 1,260 தப்பு. அறிக்கையை மறுபடி பார்த்தேன். முதல் இரண்டு மாதம் 'செட்டப்' என்று 90, 90 எடுத்திருக்கிறார்கள். ஆக 180, அதோடு 38 மாதத்துக்கு 1,197. மொத்தம் 1,377.

ஏன் சரியாக 90? 2014 ஏப்ரலில் இந்தத் துறை, நிதிக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் எஃப்சிஏ கைக்குப் போன பிறகு வந்த விதிப்படி, முதல் மாதத்திலிருந்தே நாம் கட்டுவதில் பாதியாவது கடன்காரர்களுக்கு (கடன் கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன்) போய்ச் சேர வேண்டும். 180இல் பாதி 90. விதியை எழுத்துக்கு எழுத்து மதித்திருக்கிறார்கள், பாராட்டலாம்.

கடன்காரர்களுக்குப் போனது 5,823. அப்படியானால் பாக்கி 5,577 இருக்க வேண்டும். மாதம் 148.50 போனால் 38 மாதம் ஆகும், முழு 180 போனால் 31 மாதம். ஏழு மாத வித்தியாசம்.

18 ஜனவரி

"கையெழுத்து போட்டாச்சு, நடுவில் விட்டால் கேஸ் போடுவாங்க" என்று எழுதிய நண்பருக்கு: நீங்கள் சொல்வது ஐவிஏ, கடன்காரரோடு போடும் சட்டப்படியான ஒப்பந்தம். அது திவால் சட்டத்தின் கீழ் வருவது, இன்சால்வென்சி பிராக்டிஷனர் என்ற திவால் நிபுணர் நடத்துவார், பெரும்பாலும் ஐந்தாறு வருடம் ஓடும், உடைந்தால் விளைவு உண்டு. ஐவிஏ உள்ளவர் இந்த இழையைப் படித்துவிட்டு எதையும் நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து. டிஎம்பி சும்மா ஒரு ஏற்பாடு. நானும் கட்டுப்பட்டவன் இல்லை, கடன்காரரும் கட்டுப்பட்டவர் இல்லை. நான் எப்போது வேண்டுமானாலும் விடலாம், அவர்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவைத்த வட்டியைத் திரும்பப் போடலாம். இந்த இரண்டாவது பாதிதான் வயிற்றைக் கலக்குகிறது.

கிளாஸ்கோ தம்பி, உங்கள் ஸ்காட்லாந்தில் டாஸ் என்ற கடன் திட்டம் சட்டப்படியானது, வட்டி தானாக நிற்கும். உங்களுக்கு என் கதை பொருந்தாது.

27 ஜனவரி

செய்துவிட்டேன். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றே விஷயம்: திட்டத்தை நிறுத்துகிறேன், ஒவ்வொரு கடன்காரருக்கும் இதுவரை போன தொகை, கணக்கு எண், இப்போது கடன் யார் கையில் இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும், என் காசு உங்களிடம் ஏதும் நின்றால் திருப்பி அனுப்புங்கள். பிறகு, கம்பெனி மாதாமாதம் என் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் டைரக்ட் டெபிட்டை வங்கி ஆப்பில் ரத்து செய்தேன்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. மூன்று வருடத்தில் அவர்களாக என்னைக் கூப்பிட்டது இரண்டு தடவை, இன்று ஒரே நாளில் மூன்று. "நாங்க இருக்கறதாலதான் வட்டி நிக்குது, நீங்க தனியா போனா எல்லாரும் கோர்ட்டுக்குப் போவாங்க" என்றார் அந்தப் பையன். குரல் என்னவோ அன்பான குரல். பட்டியலை மட்டும் அனுப்புங்கள் என்றேன். கை நடுங்கியது, மறைக்கவில்லை.

5 பிப்ரவரி

ஐந்து பேரோடும் பேசி முடித்தேன். நீளமாக எழுதப்போகிறேன், இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள்.

பேசும் முன் சமையலறை மேசையில் பழைய கவர்களை எல்லாம் கொட்டினேன். ஒரு சூப்பர்மார்க்கெட் பை நிறைய. சிலது இரண்டு வருடமாகப் பிரிக்கப்படவில்லை. இந்தப் பயத்துக்காகத்தான் மாதம் 31.50 கொடுத்திருக்கிறேன்: கவரைப் பிரிக்க எனக்குப் பதில் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்புக்கு. உண்மையில் அவர்களும் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டிய கவர்கள் என் வீட்டுக்குத்தானே வந்தன!

அந்தக் குவியலில் ஒரு கடிதம். என் பர்சனல் லோனை 2021இலேயே வங்கி ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டது. எனக்குத் தெரியாது. விற்றதால் தொகை மாறாது, யாருக்குக் கட்டுவது என்பதுதான் மாறும்.

பெரிய கார்டு: 19 நிமிடம் இசை கேட்டேன், 6 நிமிடம் பேசினேன். பணச் சிரமத்தில் இருப்பவர்களுக்கென்று தனிக் குழு, அந்தப் பெண் குழந்தையிடம் பேசுவது போலப் பொறுமையாகப் பேசினார். "வட்டியை நிறுத்தியது உங்கள் நிலைமையைப் பார்த்து, நடுவில் யார் இருக்கிறார் என்று பார்த்து இல்லை" என்றார். பாக்கி 2,055, நான் போட்ட கணக்கேதான்.

சின்ன கார்டு: 1,272 இருக்கும் என்று நினைத்தேன், 1,431 என்றார்கள். ஆரம்பத்தில் சில மாதம் வட்டி ஓடியிருக்கிறது. மாதம் 60 கட்டு என்றார் அந்த ஆள். முடியாது என்றேன். அப்படியென்றால் ஒப்புக்கொள்ள முடியாது என்றார். சரி, ஆனாலும் நான் சொன்ன தொகையை அனுப்புவேன் என்று சொல்லி வைத்தேன்.

லோனை வாங்கிய வசூல் கம்பெனி: 1,517. பட்ஜெட் படிவம்கூடக் கேட்கவில்லை, உடனே "ஓகே". ஓவர்டிராஃப்ட் 391, கேட்டலாக் 342. இரண்டும் எளிது.

11 பிப்ரவரி

பட்ஜெட் படிவம் எப்படி என்று கேட்டவருக்கு. இலவசக் கடன் ஆலோசனை தரும் நேஷனல் டெட்லைன் தளத்தில் படிவமும் மாதிரிக் கடிதங்களும் இலவசம். 2017இல் வந்த ஸ்டாண்டர்ட் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் வடிவத்தில் கொடுத்தால் கடன்காரர்களுக்குப் பழக்கமான தாள், அதிகம் நோண்ட மாட்டார்கள். வாடகை, கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி), கேஸ், கரண்ட் எல்லாம் முதலில். அவற்றில் பாக்கி விழுந்தால் வீடு போகும், வீட்டுக்கு ஆள் வரும். கார்டுக்காரர் கத்துவார், அவ்வளவுதான். கத்துபவருக்கு முதலில் கொடுப்பதுதான் நம் வழக்கம், நானும் அப்படித்தான் இருந்தேன்.

மிச்சம் 180. அதைக் கடனுக்கு ஏற்ற விகிதத்தில் பிரித்தேன். ஒருவர் பாக்கியை மொத்தப் பாக்கியால் வகுத்து 180ஆல் பெருக்கினால் முடிந்தது. மொத்தம் இப்போது 5,736. பெரிய கார்டுக்கு 64.49, சின்னதுக்கு 44.91, லோனுக்கு 47.60, கேட்டலாக்குக்கு 10.73, ஓவர்டிராஃப்ட்டுக்கு 12.27. கூட்டிப் பார்த்தால் சரியாக 180.00. இந்தக் கணக்கை என் பெண் பத்து நிமிடத்தில் போட்டாள், ஹோம்வொர்க் என்று நினைத்து.

அப்புறம், டைரக்ட் டெபிட் கொடுக்க வேண்டாம், வங்கியிடம் நாமே சொல்லி வைக்கும் ஸ்டாண்டிங் ஆர்டர் போடுங்கள். தொகையும் தேதியும் உங்கள் கையில் இருக்கும். ஓவர்டிராஃப்ட் எந்த வங்கியிலோ அந்த வங்கியில் சம்பளம் விழக்கூடாது, அவர்களே எடுத்துக்கொள்ளலாம். நான் 2019இலேயே வேறு வங்கியில் ஒரு அடிப்படைக் கணக்கு (பேசிக் அக்கவுன்ட்) திறந்துவிட்டேன். அந்த வருடம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

3 மார்ச்

ஐந்து ஸ்டாண்டிங் ஆர்டரும் போனது. ஆனால் ஒரு பிழை, எனக்குப் பின்னால் வருபவர்கள் செய்யாதீர்கள்: ஜனவரி கடைசியில் பழையதை ரத்து செய்தேன், புதியதை மார்ச்சில்தான் தொடங்கினேன். பிப்ரவரியில் யாருக்கும் ஒரு பென்னிகூடப் போகவில்லை. சின்ன கார்டிலிருந்து சிவப்பு எழுத்தில் கடிதம். அந்த 180 என்ன ஆனது என்று கேட்காதீர்கள். காருக்கு டயர்.

9 மார்ச்

கேட்டலாக்குக்கு அனுப்பிய 10.73 காணவில்லை. வங்கி போய்விட்டது என்கிறது, அவர்கள் வரவில்லை என்கிறார்கள்.

24 மார்ச்

கிடைத்தது. ரெஃபரன்ஸ் இடத்தில் கணக்கு எண் போடாமல் என் பெயரைப் போட்டிருக்கிறேன். நம் பெயரை அந்தப் பெட்டியில் போட்டால் பாதியில் வெட்டுப்படும். 18 எழுத்துக்குள் தமிழ் அப்பா பெயரும் சேர்ந்து அடங்குமா? பெயர் தெரியாத காசு போகிற கணக்கில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது. எல்லா ஸ்டாண்டிங் ஆர்டரையும் திறந்து எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், நான்கு சரி.

வீட்டில் கட்டணம் பற்றிச் சொல்லிவிட்டேன். 1,377 என்றதும் அவள் எதுவும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையைக் கொட்டறப்போ என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல" என்றாள். மேலே 15 ஜனவரியில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அது பொய்தான். கட்டணம் என்று முதல் தாளிலேயே இருந்தது, சின்ன எழுத்தில்கூட இல்லை.

20 மே

சின்ன கார்டு, ஒப்புக்கொள்ள முடியாது என்றவர்கள், மூன்று தவணை விடாமல் போனதும் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள்: ஆறு மாதத்துக்கு 44.91 ஏற்கிறோம், வட்டி கிடையாது, பிறகு மறுபடி பார்ப்போம். நான் மறுபடி பேசவே இல்லை. காசு போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

22 மே

வந்திருப்பது கோர்ட் கடிதமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்குப் பொதுவிலேயே பதில், மற்றவருக்கும் உதவும். சிவப்புக் கடிதம் எல்லாம் கோர்ட் கடிதம் இல்லை. "நடவடிக்கை எடுக்கப்படலாம்" என்று இருந்தால் அது பயமுறுத்தல், எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். வழக்குக்கு முந்தைய கடிதம் என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பதில் படிவமும் பட்ஜெட் படிவமும் கூடவே வரும், 30 நாள் தருவார்கள். அடுத்தது கோர்ட்டிலிருந்து வரும் கிளெய்ம் ஃபார்ம். அது வந்தால் 14 நாள்தான், பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் பதிந்தால் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் சிசிஜே (கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) விழும், ஆறு வருடம் பதிவில் நிற்கும். ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டினால் பதிவை நீக்கிவிடலாம். நீங்கள் சொல்வது மூன்றாவது வகை போலத் தெரிகிறது. இங்கே எழுதிக்கொண்டு இருக்காமல் நாளைக் காலை நேஷனல் டெட்லைனுக்கோ சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கோ போன் செய்யுங்கள். நான் ஒரு வேர்ஹவுஸ் ஆள், வக்கீல் இல்லை.

22 மே, இரவு

இன்னொன்று. கடனே தலைக்கு மேல், யோசிக்கக்கூட இடம் வேண்டும் என்றால் பிரீத்திங் ஸ்பேஸ் உண்டு, கடன்காரர் நம்மைத் துரத்தக் கூடாத ஒரு இடைவெளி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல், 60 நாள். கடன் ஆலோசகர் வழியாகத்தான் கிடைக்கும், நாமாகப் போட முடியாது.

13 ஆகஸ்ட்

கிரெடிட் ஃபைல், அதாவது நான் கடன் கட்டிய வரலாறு, பார்த்தேன். எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் கம்பெனிகளிலும் இலவசமாக வாங்கலாம், மாதச் சந்தா கேட்கும் பக்கத்தைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கார்டு இரண்டும், லோனும், ஓவர்டிராஃப்ட்டும் 2019 டிசம்பர், 2020 ஜனவரியில் டிஃபால்ட் (கட்டத் தவறியதாகப் பதிவு). ஆறு வருடத்தில் தானாகப் போய்விடும், பாக்கி இருந்தாலும் சரி. கேட்டலாக் மட்டும் டிஃபால்ட் போடவில்லை. பாவம் பார்த்து "ஏற்பாட்டில் கட்டுகிறார்" என்று மாதாமாதம் குறி போட்டிருக்கிறார்கள். நல்லதுதானே என்று நினைத்தேன். கடன் முடிந்த நாளிலிருந்து ஆறு வருடம் அது நிற்குமாம்! 342 பவுண்டு பாக்கிக்காரன், 2,000 பவுண்டு பாக்கிக்காரனைவிட அதிக நாள் ஃபைலில் கிடப்பேன்.

அதனால் "ஐயா, எனக்கும் ஒரு டிஃபால்ட் போடுங்கள், 2020 தேதியிட்டு" என்று கடிதம் எழுதினேன். மூன்று முதல் ஆறு மாதப் பாக்கிக்குள் டிஃபால்ட் பதிய வேண்டும் என்பதுதான் பொது நடைமுறை, அதைச் சொல்லிக் கேட்டேன். வாழ்க்கையில் கரும்புள்ளி கேட்டுக் கெஞ்சியது இதுதான் முதல் தடவை.

2 அக்டோபர்

போட்டுவிட்டார்கள். 2020 பிப்ரவரி தேதி. வீட்டில் சொன்னேன், "வாழ்த்துகள்" என்றாள்.

9 அக்டோபர்

'பழைய கஞ்சி' என்ற பெயரில் இங்கே எழுதும் அண்ணன் சொன்ன ஒரு பவுண்டு யுக்தியைச் செய்து பார்த்தேன். 1974ஆம் வருட கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டப்படி, ஒரு பவுண்டு அனுப்பி ஒப்பந்த நகல் கேட்கலாம், 12 வேலை நாளில் தராவிட்டால் தரும்வரை கோர்ட்டில் வசூலிக்க முடியாது. லோனை வாங்கிய வசூல் கம்பெனியிடம் கேட்டேன். அவர்களிடம் காகிதம் இருக்காது என்று எல்லோரும் சொன்னீர்கள். பதினோராம் நாள் தடிமனான கவர். உள்ளே என் கையெழுத்து, சுத்தமாக, சுழித்துப் போட்டது. போஸ்டல் ஆர்டர் செலவும் போனது.

அண்ணன் சொன்னது தப்பில்லை, பழைய கடன்களில் வேலை செய்யலாம். ஓவர்டிராஃப்ட்டுக்கு மட்டும் இது செல்லாது.

25 நவம்பர்

ஓவர்டைம் காசு 700 சேர்ந்தது. லோன் பாக்கி 1,088.60. முழுதும் முடிக்க 600 தருகிறேன் என்றேன். 815 என்றார்கள். 700, இதற்கு மேல் என்னிடம் இல்லை என்றேன், அது உண்மையும்கூட. மேலாளரிடம் கேட்டு வந்து சரி என்றார். கார்டு எண்ணைச் சொல்லுங்கள், இப்போதே முடித்துவிடலாம் என்றார். நான் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். எதிரில் இருந்தவள் கையால் வேண்டாம் என்று காட்டி, கவரின் பின்னால் "லெட்டர்" என்று எழுதினாள்.

கடிதம் ஐந்து நாளில் வந்தது. முழு இறுதித் தீர்வு, மிச்சத்தைக் கேட்க மாட்டோம், வேறு யாருக்கும் விற்க மாட்டோம் என்று மூன்றும் இருந்தது. பிறகுதான் காசு போனது. ஃபைலில் 'பகுதி தீர்வு' என்று வரும். வரட்டும்.

விடுபட்ட 47.60ஐ விகிதப்படி எல்லோருக்கும் பிரிக்கவில்லை, கேட்டலாக்கோடு சேர்த்து 58.33 ஆக்கிவிட்டேன். "இது நியாயமில்லை, எல்லோருக்கும் சமமாகப் போக வேண்டும்" என்று லெஸ்டர் அக்கா திட்டுவார் என்று தெரியும். அக்கா, கேட்டால் பிரித்துத் தருவேன். யாரும் கேட்கவில்லை.

6 ஜனவரி 2024

ஒரு வருடம் ஆகப்போகிறது, மேலே இருந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒரு விஷயத்தில் என் எண்ணம் மாறியிருக்கிறது. "நானே கட்டினால்தான் மிச்சம்" என்று ஆரம்பித்தேன். கணக்குப் பார்த்தால் ஸ்டெப்சேஞ்சுக்கு மாறியிருந்தாலும் அதே 31.50 மிச்சம்தான், தொலைந்த 10.73 இல்லை, பிப்ரவரி ஓட்டை இல்லை. போனை எடுக்கவே பயப்படுகிறவர், நான் 2019இல் இருந்த மாதிரி இருப்பவர், அங்கே போவதுதான் நல்லது. லோனை 700க்கு முடித்திருப்பேனா என்று மட்டும் தெரியாது.

28 ஏப்ரல் 2024

கேட்டலாக் முடிந்தது. ஏப்ரலில் பாக்கி 12.11தான். ஸ்டாண்டிங் ஆர்டரை மாற்ற மறந்தேன், 58.33 போய்விட்டது. நேற்று தபாலில் 46 பவுண்டு 22 பென்ஸுக்கு ஒரு செக், என் முழுப் பெயரும் வெட்டுப்படாமல். வங்கி ஆப்பில் படம் எடுத்துப் போடுவதற்கு முன் அவளிடம் காட்டினேன். ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். திங்கட்கிழமை வரை அங்கேயே இருக்கட்டும் என்கிறாள்.

மீதி மூன்றும் சேர்த்து 2,173.62. மாதம் 180.